மருதமுத்து அண்ணனிடம் மிஞ்சிய சொல்

நத்தத்தில் எங்கள் தோப்பில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குக் கூடமாட இருக்கலாம் என்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். சாலையில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோப்புக்குள் நடந்து வந்தார். திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “மைடியர் போயிட்டாரு சார். காலையில” என்றார். அதற்கு மேல் அவருக்கு விவரம் தெரியாது. பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்ததால் உடனே திரும்பிவிட்டார். மரத்தின் மேல் இருந்தவர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. பழம் விழுகிற சத்தம் நின்றதும், நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸுக்காகச் சாலையில் போய் நின்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு மருதமுத்து என்ற பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். மைடியர் என்றால் தெரியும். திண்டுக்கல் ஸ்டேஷனில் பூக்கூடையோ, வாழைத்தாரோ, புகையிலைச் சிப்பமோ ஏற்றிய எவருக்கும் பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அந்தக் கறுத்த, கனத்த மனிதரைத் தெரியும். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எரியோட்டுப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்ததும் ரயில்வேக்கு வந்தவர். நான் அந்த ஆபீஸில் சேர்ந்தபோது மணங்கு என்ற பழைய எடை போய்க் கிலோ வந்திருந்தது. தராசில் ஏதோ சூது செய்கிறோம் என்று வியாபாரிகள் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல முதன்முதலாகக் கேட்டேன். மேசைமேல் கையால் குத்திய ஒரு வெங்காய வியாபாரியைப் பார்த்து, “கை வலிக்கப் போவுது மைடியர்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார்.

சொல் அவருக்கு ஒரு சட்டைக்கார சூப்பர்வைசரிடமிருந்து வந்தது. ஆங்கிலோ இந்தியரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த சூப்பர்வைசர் யாரைத் திட்டுவதாக இருந்தாலும் ‘மை டியர் மேன்’ என்றுதான் தொடங்குவாராம். அதைக் கேட்டாலே போர்ட்டர்கள் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்களாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் ரிட்டயராகிக் கப்பலேறிப் போய்விட்டார். போன பிறகு மருதமுத்து அண்ணன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். பின்னால் வரும் மேனையும் திட்டையும் விட்டுவிட்டார். இரண்டு வார்த்தையாக இருந்ததை ஒரே வார்த்தையாக ஆக்கியதும் அவர்தான்.

ஒருநாள் மாலை மதுரைப் பக்கமிருந்து வந்த வண்டியின் பார்சல் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மல்லிகைக் கூடைகள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டன. பேச்சியம்மாள் என்ற பூக்காரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவரையும் அவர் வம்சத்தையும் வைதாள். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அவர் எழவில்லை. “வைங்க மைடியர். வஞ்சுட்டு இந்தத் தண்ணியக் குடிங்க” என்று செம்பை நீட்டினார். அவரால் ஒரு கூடையைக்கூட அனுப்ப முடியவில்லை. பூ எங்கள் கண்ணெதிரிலேயே வாடியது. அவள் செம்பை வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, வாடுகிற கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக அவரிடம்தான் வந்தாள்.

எதற்கு இதை இங்கிலீஷில் சொல்கிறீர்கள், தமிழில் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“தமிழ்ல சொன்னா சிரிப்பாக அப்பு. இல்லாட்டிச் சந்தேகப்படுவாக. இவன் எதுக்கு நம்மகிட்டப் பிரியமா இருக்கான், என்ன கேக்கப் போறான்னு தோணும். இங்கிலீஷ்ல சொன்னா ஆரும் கண்டுக்கிற மாட்டாக. ஆனா போயிச் சேந்துரும்.”

போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேவுகம்பட்டிப் பையன் ஒருவன் பம்பாயில் மில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனான். உடல் மரப்பெட்டியில், பார்சல் வண்டியில் வந்தது. அப்படி வருகிற பெட்டியையும் நாங்கள்தான் இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். அப்பா வந்திருந்தார், தோளில் துண்டு போட்ட ஒரு விவசாயி. அவர் அழவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, “பேரு சரியா எழுதிருக்காகளான்னு பாருங்கய்யா. வேற ஆரு பிள்ளையோவா இருக்கப்போவுது” என்று கேட்டார். அந்தக் குரலில் அப்படி இருந்துவிடாதா என்ற ஆசையும் இருந்தது. மருதமுத்து அண்ணன் குனிந்து சீட்டைப் படித்தார். பையன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. நிமிர்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவரால் முடியவில்லை. “மைடியர்” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இருந்த இடத்திலேயே மடங்கி, அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். வண்டி போன பிறகும் வெகுநேரம் அவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். யாருக்கும் கிட்டே போகத் துணிவில்லை.

ஊருக்கெல்லாம் கிடைத்த அந்தச் சொல் அவர் வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரயில்வே வீட்டில் அவரும் மனைவி வெள்ளையம்மாளும்தான். பிள்ளைகள் இல்லை. நான் அங்கே எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளையம்மாளை மதினி என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எது வைத்தாலும், வைத்துவிட்டுக் கதவோரம் நின்று நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் அவரை “இந்தா” என்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா, கடைக்குப் போகிறேன் என்றாலும் இந்தா. சண்டை போட்டு நான் கேட்டதில்லை, கொஞ்சிப் பேசியும் கேட்டதில்லை. நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே. வீட்டில் ஏன் ஒருநாளும் மைடியர் சொல்வதில்லை என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, பழனி வண்டிக்கு மூட்டை எல்லாம் ஏறிவிட்டதா என்று என்னைக் கேட்டார்.

சிறுமலைப் பழத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் பிளாட்பாரத்தில் சரிந்து விழுந்தார். வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஒருநாள் காலை மதினி முகம் துடைத்துவிடும்போது கண்ணைத் திறந்து, தெளிவாக, “மைடியர்” என்றார். செய்தி ஸ்டேஷனுக்கு வந்தபோது போர்ட்டர்கள் கைதட்டினார்கள். டீ வரவழைத்துக் குடித்தோம். மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தோம்.

திரும்பி வரவில்லை. அந்தச் சொல் மட்டும்தான் வந்திருந்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தால் மைடியர் என்று வந்தது. கால் வலித்தால் மைடியர். ஈயை ஓட்டச் சொன்னால் மைடியர். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மைடியர், மைடியர் என்று இரைந்தார். டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போய்ப் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டுப் போயிற்று, பேசிப் பேசித் தேய்ந்த ஒரு சொல் மட்டும் சிலருக்கு மிஞ்சும், அது தானாக வருவது, அவர் நினைத்துச் சொல்வதில்லை என்றார். இனி வேறு சொல் வருமா என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார்.

நாம் பேசுவது முழுவதும் அவருக்குப் புரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. தான் சொல்ல நினைத்தது வேறு, வாயிலிருந்து விழுந்தது வேறு என்பதும் அவருக்குத் தெரிந்தது. விழுந்ததும் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். பார்க்க வந்தவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்த முகத்தையும் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய சிரிப்பு அது. அவர்கள் சிரிப்பதை அவர் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் அவருடைய தம்பி பெரியசாமி எரியோட்டிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்தார். ஊருக்குக் கூட்டிப்போய் மருந்தும் மந்திரமும் பார்க்கலாம், சொந்தக்காரர்கள் கூட இருப்பார்கள் என்றார். நல்ல மனசுடன்தான் வந்திருந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, “மைடியர், மைடியர்” என்றார். பெரியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீகளா, எம்புட்டுப் பாசமா சொல்றாரு. வாரேங்கிறாரு” என்று தூக்குவதற்கு ஆளை அழைத்தார். அண்ணனின் குரல் உயர்ந்தது. கட்டில் சட்டத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து வந்ததோ அதே சொல்தான். பிரியமாகச் சொல்லிச் சொல்லி அவரே பழக்கிவிட்ட சொல்லில் அவருடைய மறுப்பு யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. வாசலில் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுப்படியிலிருந்து மதினி வந்தார். கொழுந்தனிடம் நேருக்கு நேராக அவர் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

“வரலைங்கிறாக. விட்டுருங்க.”

“மைடியர்னுதானே சொல்றாரு மதினி?”

“அது மாட்டேன். தண்ணி கேட்டா கடைசியில இழுப்பாக. வலின்னா மெதுவா வரும். இது மாட்டேன்.”

அண்ணன் சட்டத்தை விட்டார். அழுதார். வாடகைக் கார் காலியாகத் திரும்பிப் போயிற்று. எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்ட சொல்லை அந்த அம்மாள் இத்தனையாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மதினி என்னை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்தார். ஏதோ கேட்க வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“தம்பி, மைடியர்னா என்னா அர்த்தம்? இம்புட்டு வருசமா ஊரே அவுகள அப்பிடிக் கூப்பிடுது. நான் ஆருகிட்டயும் கேட்டதில்ல.”

சொன்னேன். பிரியமானவர்களைக் கூப்பிடுகிற வார்த்தை என்றேன். நம் ஊர்ப் பேச்சில் அதற்குச் சரியாக ஒன்று கிடைக்கவில்லை. என் பிரியமே என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“இப்ப என்னையும் அப்பிடித்தான் சொல்றாக. காலையில கண்ணு முழிச்சா அதான். படுக்கப்போனா அதான். தண்ணிக்கும் அதான், பீச்சட்டிக்கும் அதான். டாக்டரு அது தானா வாரதுன்னாரு. மத்ததெல்லாம் எனக்குப் பிரிச்சுத் தெரியுது தம்பி. எனக்குன்னு சொல்றது அதுல ஒண்ணாவது இருக்கா, எல்லாமே சீக்குத்தானான்னு அது மட்டும் தெரிய மாட்டேங்குது.”

இருக்கிறது மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். நீங்களே ஒரு தடவை அண்ணனைக் கேளுங்கள் என்று மதினிதான் சொன்னார். நான் கேட்டால் இருவரும் அழுதுவிடுவோம் என்றார்.

கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்குச் சவரம் செய்துவிட்ட பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். மதினி கதவோரம் நின்றிருந்தார். அண்ணே, நீங்கள் மதினியைப் பார்த்துச் சொல்வது நினைத்துச் சொல்வதா, ஆமென்றால் தலையை அசையுங்கள் போதும் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மதினியைப் பார்த்தார். அத்தனை நேரம் அவர் அந்த முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. உதடு சேர்ந்தது. அந்தச் சொல் வரப்போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அவருடைய இடது கை மெதுவாக எழுந்து அவர் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டது. உள்ளே சொல் முட்டுவது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கையை எடுக்கவில்லை. தலையை ஆம் என்றும் அசைக்கவில்லை, இல்லை என்றும் அசைக்கவில்லை.

மதினி வந்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். “போதும் தம்பி. அவுகளப் படுத்த வேணாம்” என்றார்.

அன்று முதல் வேறு யார் போனாலும் மைடியர்தான். எனக்கும் அதுதான், தபால்காரருக்கும் அதுதான். மதினி பக்கத்தில் வந்தால் மட்டும் கை வாய்க்குப் போய்விடும். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டிவிட்டு மறுபடியும் வாயைப் பொத்திக்கொள்வார். ஊருக்கெல்லாம் கொடுத்து, நோயிலும் புரண்ட சொல்லை மதினிக்குத் தர மனமில்லை என்பதா? அவருக்குத் தர அந்தச் சொல்லுக்குரிய பிரியம் தன்னிடம் இல்லை என்பதா? ஒரு நாள் ஒன்றாகத் தோன்றும், மறுநாள் மற்றது தோன்றும். மதினி என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

நான் நத்தத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெரிய கூட்டம். போர்ட்டர்கள், வண்டிக்காரர்கள், புகையிலைக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற ஆட்கள். பேச்சியம்மாள் ஒரு கூடை பூவை அப்படியே கொண்டுவந்து அவர் காலடியில் கவிழ்த்தாள். மைடியர் போயிட்டீரே என்று ஆள் ஆளுக்குச் சொல்லி அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவில் மதினி மட்டும் சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போய், காரியம் முடித்துத் திரும்பிய பிறகு, என்னைக் கூப்பிட்டு அன்று காலை நடந்ததைச் சொன்னார்.

“விடிஞ்சதும் கஞ்சி எடுத்துட்டுப் போனேன். குடிக்கல. என்னையே பாத்தாக. வாயில இருந்த கைய அவுகளே எடுத்தாக. மைடியர்னு வரப்போவுதுன்னு நெனச்சேன். வரலை. ‘வெ’ன்னு வந்துச்சு. மறுபடியும் ‘வெ’. அதுக்கு மேல வரலை. என் பேரச் சொல்ல வந்தாகளா, வெந்நி கேட்டாகளான்னு புடிபடல தம்பி. குளிரா இருந்துச்சு. வெந்நி எடுத்தாரேன்னு போனேன். கொண்டாரதுக்குள்ள போயிட்டாக.”

அவர் சொல்ல வந்தது வெள்ளையம்மாள் என்ற உங்கள் பெயர்தான் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். அவருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

மைடியர் என்ற சொல் ஊருக்குச் சொந்தம். பார்சல் ஆபீஸ் ஜன்னலில் அதை வாங்கிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பீர்கள், அவரவர் பங்கை அவரவர் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, வேறொன்றைத் தேடிப் பாதி தூரம் வந்த அந்த ஒற்றை எழுத்தைத்தான். அது எனக்குச் சொன்னதல்ல. கேட்டவருக்கும் பிடிபடவில்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் அதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு மேல் எனக்கும் வருவதில்லை.